சீனியை விட்டால் எதைப் பிடிப்பது?

வாசகர் கேள்வி–பதில்

பாலக்காடு, இடுக்கி எல்லையிலிருந்தும் சித்தூர், நகரி, குப்பம் பக்கமிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி பல வேடத்தில் வந்திருக்கிறது: சீனிக்குப் பதில் என்ன சேர்க்கலாம்? ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, எங்கள் உணவியல் நிபுணரும் வேளாண் நிபுணரும் பதில் எழுதியிருக்கிறார்கள்.

வாசகி, கொழிஞ்சாம்பாறை

எனக்கு 52 வயது. சர்க்கரை நோய் வந்ததும் வீட்டில் சீனியை அடியோடு நிறுத்தி, மறையூர் வெல்லத்துக்கு மாறிவிட்டோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஹெச்பிஏ1சி (மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி) கொஞ்சமும் இறங்கவில்லை. வெல்லம் போலியா?

வெல்லம் அசலாகவே இருக்கலாம் அம்மா. அசல் வெல்லமும் சர்க்கரைதான். 10 கிராம் சீனியில் 40 கலோரி, 10 கிராம் வெல்லத்தில் 38. வெல்லத்தில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். மிச்சத்தில் கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், ஈரப்பதமும், தாது உப்பும். ரத்தத்துக்கு நிற வேறுபாடு தெரியாது.

உங்கள் வீட்டில் இன்னொன்றும் நடந்திருக்கும். சீனி போட்டபோது கணக்கு கரண்டியில் இருந்தது; ஒரு டீஸ்பூன் என்றால் 4 முதல் 5 கிராம். வெல்லம் வந்ததும் கணக்கு கைக்குப் போய்விடும். நெல்லிக்காய் அளவு உடைத்துப் போட்டாலே 15 கிராமுக்குக் குறையாது. போதாததற்கு வெல்லத்தின் இனிப்பு சீனியைவிட ஒரு படி மட்டு, அதனால் இன்னும் ஒரு துண்டு. உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரைக்குச் சொல்லும் அளவு, 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்குள். முடிந்தால் 25 கிராமுக்குள். வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். மூன்று காபிக்கு மூன்று துண்டு வெல்லம் என்றால் 45 கிராம் அங்கேயே முடிந்தது.

‘இரும்புச் சத்து இருக்கிறதே’ என்று கேட்டு எழுதியவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை. 10 கிராம் வெல்லத்தில், நல்ல வெல்லமாகவே வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ ஒரு மில்லிகிராமைத் தாண்டாது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் இருக்கும் ஊரில் இரும்புக்காக வெல்லம் தின்ன வேண்டியதில்லை.

மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் உருட்டிய அந்த அடர்பழுப்பு உருண்டையின் மணத்துக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. நோய்க்கு மருந்து என்று கொடுக்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பொட்டாசியம் கணிசமாக உண்டு. அவர்களைப் பொறுத்தவரை வெள்ளைச் சீனியைவிட இவையே கெடுதல்.

வாசகர், நகரி

எங்கள் பக்கம் தாட்டி பெல்லம் என்று பனைவெல்லம் விற்கிறார்கள். கரும்பு தண்ணீரைக் குடிக்கும், பனைக்குத் தண்ணீரே வேண்டாம், ஆகவே கருப்பட்டிதான் பூமிக்கு நல்லது என்கிறான் மகன். சரியா?

தண்ணீரில் மகன் சொல்வது முழுக்கச் சரி. கரும்புக்கு ஒரு பயிர்க்காலத்தில் 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். நடுவே 2,000 என்று வையுங்கள். மழையும் பாசனமும் சேர்த்து ஏக்கருக்குச் சுமார் 80 லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 40 டன் கரும்பு, அதில் பத்தில் ஒரு பங்கு சீனி என்றால் 4 டன். கிலோ சீனிக்கு 2,000 லிட்டர் தண்ணீர் ஆகிறது. வெல்லமும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஆலையில் ஆகும் மின்சாரமும் ரசாயனமும் மட்டும் மிச்சம்.

அடுப்பில்தான் கருப்பட்டி தோற்கிறது. கரும்பு வெல்லம் காய்ச்சுகிறவர் பிழிந்த சக்கையையே உலர்த்தி எரிக்கிறார். எரிபொருள் வயலிலிருந்தே வந்துவிடுகிறது. பனையேறிக்கு அந்த வசதி இல்லை. பதநீரில் சர்க்கரை 12, 13 சதவீதம்தான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் பதநீர் வேண்டும், அதில் ஏழு லிட்டர் தண்ணீரை ஆவியாக விரட்ட வேண்டும். வெப்பத்தில் பெரும்பகுதி வெளியே போகும் திறந்த அடுப்பில் இதற்கு ஐந்தாறு கிலோ விறகு ஆகும். தோப்பில் விழும் பனையோலையும் மட்டையும் எரித்தால் பரவாயில்லை. விலைக்கு வெட்டிய விறகு என்றால் மகனின் கணக்கில் ஒரு பகுதி புகையாகப் போய்விடும்.

மொத்தத்தில் எங்கள் தீர்ப்பு: தண்ணீர் இல்லாத மண்ணுக்குப் பனையைப்போல் வேறு மரம் கிடையாது, கருப்பட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். ஆனால் சந்தையில் கரும்பு வெல்லப் பாகையும் சீனியையும் கலந்து காய்ச்சிய ‘கருப்பட்டி’ நிறைய. கரும்பு வெல்ல விலைக்குக் கருப்பட்டி தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். எட்டு லிட்டர் பதநீரை இறக்கிக் காய்ச்சியவரால் அந்த விலைக்குத் தர முடியாது. உடம்புக்கான பதில் மேலே கொழிஞ்சாம்பாறை வாசகிக்குச் சொன்னதேதான்.

வாசகி, வேலந்தாவளம்

காபிக்கு ‘ஷுகர் ஃப்ரீ’ மாத்திரை போடுகிறோம், நன்றாக இனிக்கிறது. அதையே பாயசம் கொதிக்கும்போது போட்டேன். இறக்கியதும் சப்பென்று இருந்தது. டப்பா பழசா?

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள் பட்டியலில் 951 என்ற எண் இருந்தால் அது அஸ்பார்டேம். சீனியைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பு, ஆனால் வெப்பத்தில் சிதையும். ஆற்றிய காபிக்குச் சரி. கால் மணி நேரம் கொதிக்கும் பாலில் இனிப்பு போய்விடும்.

950 என்பது அசிசல்பேம் பொட்டாசியம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசியிலிருந்து எடுத்த ஸ்டீவியால் கிளைகோசைடு. இவை நான்கும் கொதிநிலையைத் தாங்கும். சாக்கரின் நாக்கில் உலோகக் கசப்பு விடும். ஸ்டீவியாவில் அதிமதுரம் கடித்ததுபோல் ஒரு பின்சுவை உண்டு, கூடப் போட்டால் அது கசப்பாகவே மாறும். சுக்ரலோஸ் சுவைக்குச் சீனிக்குப் பக்கத்தில் வருவது. ஆனால் ஓவனுக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் அதைக் கொண்டுபோகாதீர்கள். 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தீங்கான குளோரின் சேர்மங்கள் உண்டாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் எச்சரித்தது. பாயசமும் கேசரியும் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, கவலை வேண்டாம். கேக், அப்பம், நெய்யப்பம் வேறு கதை.

பாகு பிடிக்கும் பண்டங்களை, அதாவது மைசூர்பாகு, அதிரசம், கடலைமிட்டாய் ஆகியவற்றை இவற்றில் செய்ய முயலவே வேண்டாம். கம்பிப் பதம் வருவது சுக்ரோஸ் செறிவதால். அரை கிராம் தூளில் எதைச் செறிய வைப்பது? ஊறுகாய், நெல்லிக்காய்த் தேன்பாகு, ஜாம் இவற்றிலும் அப்படியே. அங்கே சீனி தண்ணீரைக் கட்டிவைத்துப் பூஞ்சையைத் தடுக்கிறது; மாற்றைப் போட்டால் இனிக்கும், ஆனால் வெளியே வைத்தால் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் முடிக்க வேண்டும்.

வாசகி, சித்தூர் (பாலக்காடு)

ஓணத்துக்கு மாமியாருக்காகச் சர்க்கரை இல்லாத பாலடைப் பாயசம் செய்ய அளவு தாருங்கள்.

‘சீனி சேர்க்காத’ என்று சொல்லலாம். ‘சர்க்கரை இல்லாத’ பாலடை கிடையாது. ஒரு லிட்டர் பாலில் இயல்பாகவே 48 கிராம் பால் சர்க்கரை உண்டு. 75 கிராம் அரிசி அடையில் (பாயசத்துக்குப் போடும் காய்ந்த அரிசிமாவுத் துண்டு) மாவுச்சத்து 58 கிராம். வழக்கம்போல் 200 கிராம் சீனியும் சேர்ந்தால் மொத்தம் 306. எட்டுக் கிண்ணம் என்றால் கிண்ணத்துக்கு 38 கிராம். சீனியை எடுத்துவிட்டால் 13 கிராம். மாமியாருக்கு ஒரு கிண்ணம் கொடுக்கலாம், ஆனால் அன்றைய சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டு.

செய்முறை: ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலை அடிகனமான உருளியில் சிறுதீயில் 700 மில்லி ஆகும்வரை வற்ற விடுங்கள். சீனி கொடுக்கும் திண்மை இல்லாததால் இந்த வற்றல் முக்கியம். இதைத் தவிர்த்தால் பாயசம் நீர்த்துப் பால்கஞ்சி போலாகும். அடையை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, பாலில் போட்டு வேக விடுங்கள். வெந்த அடையில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து மசித்துத் திரும்பச் சேர்த்தால் கொழகொழப்பு வரும். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, சுக்ரலோஸ் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சுவை பாருங்கள். தூய சுக்ரலோஸ் 600 மடங்கு இனிப்பு, அதாவது 200 கிராம் சீனிக்கு மூன்றில் ஒரு கிராம். வீட்டில் அதை எடைபோட முடியாது. கடையில் கிடைப்பது மாவு கலந்த தூள்தான். ‘ஒரு கரண்டிக்கு ஒரு கரண்டி’ என்று விற்பதில் நிரப்புப் பொருள் மால்டோடெக்ஸ்ட்ரின் என்றால், அதுவும் கிராமுக்கு 4 கலோரி தரும் மாவுச்சத்து. லேபிளில் 100 கிராமுக்கு எவ்வளவு கார்போஹைட்ரேட் என்று பார்த்து மேற்சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலடையின் இளஞ்சிவப்பு முழுதாக வராது. மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடைப்பிரதமன்தான் வேண்டும் என்றால் வெல்லத்தை முழுக்க எடுக்காதீர்கள், பிரதமனே இருக்காது. 250 கிராம் போடும் இடத்தில் 40 கிராம் மணத்துக்கு, மிச்ச இனிப்புக்கு ஸ்டீவியா, சுக்கு ஒரு சிட்டிகை தூக்கலாக. ஸ்டீவியாவின் பின்சுவையைச் சுக்கும் தேங்காய்ப்பாலும் மூடிவிடும்.

வாசகர், களியக்காவிளை

அஸ்பார்டேம் புற்றுநோய் தரும் என்று அறிவித்துவிட்டார்களாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

2023 ஜூலையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை 2பி பிரிவில் வைத்தது உண்மை. ‘சான்று குறைவு, ஆனாலும் சாத்தியத்தைத் தள்ள முடியாது’ என்பவை அந்தப் பிரிவில் வரும். கற்றாழையின் முழு இலைச் சாறும் அங்கேதான் இருக்கிறது. அதே நாளில் உணவுச் சேர்க்கைக்கான இன்னொரு வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,400 மில்லிகிராம். காபி மாத்திரை ஒன்றில் சுமார் 18, 20 மில்லிகிராம்தான். நாளுக்கு ஆறு மாத்திரை போடுகிறவர் வரம்பின் பக்கமே போகவில்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை உள்ள குழந்தைக்கு மட்டும் ஒரு மாத்திரையும் கூடாது.

எங்களைக் கேட்டால், அதே ஆண்டு மே மாதம் வந்த வேறொரு அறிவுரைதான் கவனிக்க வேண்டியது. உடல் எடையைக் குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம். நீண்ட காலம் பயன்படுத்தியவர்களிடம் எடை குறைந்ததாகத் தெரியவில்லை. சர்க்கரை நோயும் இதய நோயும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன. காரணம் இனிப்பூட்டியா, அல்லது ஏற்கெனவே எடை கூடியவர்கள்தான் அதைத் தேடிப் போகிறார்களா என்பது பிரிபடவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. நோய் இல்லாதவர்கள் மாத்திரைக்குப் போவதைவிடக் காபியில் வாரத்துக்குக் கால் கரண்டி குறைத்துக்கொண்டே வரலாம். இரண்டு கரண்டி அரைக் கரண்டியாக ஆறு வாரம் போதும்.

வாசகர், பெருமாட்டி

கோகோ கோலா ஆலை இருந்த ப்ளாச்சிமடை எங்கள் பஞ்சாயத்து. குளிர்பானம் குடிப்பதில்லை என்று பலர் வைராக்கியமாக இருக்கிறோம். இளசுகள் சீனி இல்லாத ‘டயட்’ வகை குடித்தால் தண்ணீர் மிச்சம் என்கிறார்கள். எப்படி?

இரண்டு தண்ணீரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 300 மில்லி சாதாரண கோலாவில் சுமார் 32 கிராம் சீனி. மேலே போட்ட கணக்கில் கிராமுக்கு 2 லிட்டர் என்றால், அந்தச் சீனிக்குள் மட்டும் 64 லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. அது மகாராஷ்டிரத்திலோ உத்தரப்பிரதேசத்திலோ கரும்பு வயலில் செலவான தண்ணீர். டயட் வகையில் இது மிச்சம், இளசுகள் சொல்வது அந்த அளவில் சரி.

ஆலை இருக்கும் ஊரின் தண்ணீர் வேறு. பாட்டிலில் அடைக்கும் தண்ணீர், பாட்டில் கழுவும் தண்ணீர், குழாய் கழுவும் தண்ணீர் எல்லாம் எந்த வகைப் பானத்துக்கும் ஒன்றே. 2000-இல் தொடங்கி, 2002 ஏப்ரலில் போராட்டம் எழுந்து, 2004 மார்ச்சில் நின்ற அந்த ஆலை முழுக்க டயட் பானமே அடைத்திருந்தாலும் உங்கள் கிணறுகள் அப்படியேதான் வற்றியிருக்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வருமா வராதா என்று மூலத்தறைத் தடுப்பணையையே பார்த்துக்கொண்டிருக்கும் வட்டாரத்துக்கு, வடக்கே மிச்சமாகும் கரும்புத் தண்ணீரால் ஒரு சொட்டும் பயனில்லை.

இனிப்பூட்டிகளில் சுற்றுச்சூழல் செலவு ஆகக் குறைந்தவற்றில் ஒன்று ஸ்டீவியா. ஒரு கிலோ சீனிக்கு 4, 5 கிராம் போதும் என்பதே காரணம். ஐரோப்பாவில் விளைந்த இலையை வைத்து வெளியான ஆய்வில், அதே இனிப்புக்குப் பசுங்குடில் வாயு வெளியேற்றம் சீனியினுடையதில் பத்தில் ஒரு பங்கு என்று வந்தது.

வாசகி, கொல்லங்கோடு

சுக்ரலோஸ் தண்ணீரில் அழியாமல் கிடக்கும் என்று படித்தேன். எங்கள் வீட்டில் கிணறும் செப்டிக் டேங்கும் பக்கத்துப் பக்கத்தில். பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டும், ஆனால் சுக்ரலோஸுக்காக அல்ல. உண்ட சுக்ரலோஸில் பெரும்பகுதி உடம்பில் மாறாமல் அப்படியே வெளியேறுகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அதை அதிகம் சிதைப்பதில்லை. ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் அது தங்குவதால், கழிவுநீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் அதையும் அசிசல்பேமையும் தடயமாகவே பயன்படுத்துகிறார்கள். நீர்வாழ் உயிர்களுக்கு நெடுங்காலத்தில் என்ன ஆகும் என்பது ஆய்வில் உள்ள விஷயம்.

உங்கள் கிணற்றில் அது வந்தால், அதே வழியாக ஈ கோலை கிருமியும் வருகிறது என்று பொருள். கேரளக் கட்டட விதிப்படி கழிவுக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும். அளந்து பாருங்கள். குறைவு என்றால் குழியை மாற்றும்வரை குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று கோலிஃபார்ம் (மலக்கிருமி) சோதனை செய்துகொள்வது நல்லது.

வாசகர், கோவிந்தாபுரம்

பொள்ளாச்சியில் ‘சர்க்கரை சேர்க்காத’ லட்டு வாங்கினேன். நான்கு சாப்பிட்டேன், ராத்திரி முழுக்க வயிறு.

மால்டிடால் (965) அல்லது சார்பிடால் (420) போட்டிருப்பார்கள். இவை சர்க்கரை ஆல்கஹால் வகை. சிறுகுடல் பாதியைத்தான் உறிஞ்சும். மிச்சம் பெருங்குடலில் தண்ணீரை இழுக்கும், கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயு கிளப்பும். ஒரு லட்டோடு நிறுத்தியிருந்தால் தெரிந்திருக்காது. மால்டிடாலில் கிராமுக்கு 2 கலோரிக்குச் சற்று மேல் உண்டு, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். லட்டின் கடலைமாவும் நெய்யும் எங்கும் போய்விடவில்லை.

எரித்ரிடால் (968) வயிற்றுக்கு இவற்றைவிடச் சாது. கலோரியும் கிராமுக்கு 0.2 தான். ‘தூய ஸ்டீவியா’ என்று பெரிய டப்பாவில் விற்பதில் பெரும்பகுதி அதுதான். 2023-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ரத்தத்தில் எரித்ரிடால் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. எரித்ரிடாலை உடம்பே கொஞ்சம் உண்டாக்கும் என்பதால் இது குற்றச்சாட்டாக முழுமையடையவில்லை. ஆனாலும் ஸ்டென்ட் வைத்தவர்களும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் நாள்தோறும் கரண்டி கரண்டியாகப் போடாமலிருப்பது புத்திசாலித்தனம்.

வாசகி, பலமநேர்

அப்பாவுக்குச் சில நாள் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும். வீட்டில் சீனியே வைப்பதில்லை. வெல்லத் துண்டோ ஸ்டீவியா போட்ட ஜூஸோ கொடுக்கலாமா?

ஸ்டீவியா, மாத்திரை எதுவும் இங்கே உதவாது. நாக்குக்கு இனிக்கும், ரத்தத்தில் ஏறாது. 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் பொடி, தட்டையாக மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ ஒரு தோசையோ.

அப்பாவின் மாத்திரைச் சீட்டில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இவை குடலில் சுக்ரோஸ் உடைவதைத் தடுக்கும் மருந்துகள். அவர் இவற்றைச் சாப்பிடுகிறவர் என்றால் சீனியும் வெல்லமும் அவசரத்துக்கு வேலை செய்யாது, குளுக்கோஸ் மட்டுமே. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கும், நேரே ஆஸ்பத்திரி. அடிக்கடி இறங்குகிறது என்றால் மருந்தின் அளவை மருத்துவரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும்.

வாசகர், மீனாட்சிபுரம்

சீனித்துளசி இரண்டு முறை வைத்தேன். ஒரு முறை அழுகியது, ஒரு முறை சாண் உயரத்திலேயே பூத்து நின்றுவிட்டது.

அழுகியது மழையால். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் முன்பே தொட்டிக்கு மாற்றி, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் சமமாகக் கலந்து, கூரை ஓரத்தில் வெயில் படும்படி வையுங்கள். வேரில் தண்ணீர் ஒரு நாள் நின்றாலும் போய்விடும்.

பூத்தது நம் ஊர்ப் பகல் குட்டை என்பதால். பகல் 13 மணி நேரத்துக்குக் குறைந்தால் பூக்கும் செடி இது. பாலக்காட்டில் எந்த மாதத்திலும் பகல் அவ்வளவு நீளாது. ஆகவே செடி 15 சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பிறகு மொட்டுத் தெரியும் போதெல்லாம் கிள்ளுங்கள். பூத்தால் இலையில் இனிப்பு இறங்கிவிடும். விதை சரியாக முளைக்காது. நான்கு கணு உள்ள தண்டு வெட்டி நடுவது சுலபம். பூக்கும் முன் தரையிலிருந்து விரற்கடை நான்கு விட்டு அறுத்து, நல்ல வெயிலில் சீக்கிரம் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். ஒரு டம்ளர் டீக்கு இரண்டு மூன்று காய்ந்த இலை. கூடப் போட்டால் கசக்கும்.

அளவோடு டீயில் போடுவதற்கு மேல் இலையை அரைத்துக் கரண்டிக் கணக்கில் உண்ண வேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுத்திகரித்த சாற்றைத்தான் ஏற்றிருக்கிறது, முழு இலையை அல்ல. இந்தியாவிலும் 2015-இல் அனுமதி கிடைத்தது ஸ்டீவியால் கிளைகோசைடுக்கு. ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் தினமும் இலை போடுவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வாசகி, புத்தூர்

சைலிட்டால் போட்ட சூயிங்கம் பல்லுக்கு நல்லது என்று பல் மருத்துவர் சொன்னார். வீட்டில் நாய் இருக்கிறது.

பல்லுக்கு நல்லதுதான், பல்சொத்தைக் கிருமியால் அதைப் புளிக்கவைக்க முடியாது. நாய்க்கு அது விஷம். நாய் உடம்பு சைலிட்டாலைக் கண்டதும் இன்சுலினைக் கொட்டும். எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், கூடினால் ஈரலும் கெடும். டப்பாவை மேல் அலமாரியில் வையுங்கள், மென்ற கம்மைக் காகிதத்தில் சுற்றி மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள். நாய் தின்றுவிட்டது என்று தெரிந்தால் தள்ளாடும்வரை காத்திருக்காமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கம் வந்த உறையையும் எடுத்துச் செல்லுங்கள்.